குடுவைச் செடிக்குச் சட்டி மாற்றுவது: கோலாலம்பூர், பினாங்கு வெயிலுக்கு ஏற்ற கலவையும் செய்முறையும்

நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது கொத்துக் கொத்தாகக் குடுவை தொங்கிய செடி, சில மாதங்களில் வெறும் இலையாக நிற்கிறது. உடனே கை உரப் பொட்டலத்துக்குப் போகிறது. உண்மையில் கோளாறு பெரும்பாலும் வெளிச்சத்திலோ சட்டிக்குள்ளோ இருக்கும். வெளிச்சம் போதும் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சட்டியை.

இணையத்தில் அதிகம் கிடைக்கும் கலவைக் குறிப்புகள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பீட்டும் (சதுப்பில் மட்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த இலேசான வெள்ளைக் கல்) சரிபாதி என்ற கணக்கு அங்கே சரி. இங்கே பகலில் 32, 33 டிகிரி, இரவிலும் 24, 25. இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பீட் சீக்கிரம் மட்கிக் குழைந்துவிடும். குழைந்த கலவையில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் நெப்பந்தஸ் (குடுவைச் செடியின் தாவரவியல் பெயர்) வேர் தங்காது. மலாயில் பெரியுக் கெரா எனப்படும் இந்தச் செடிக்குச் சட்டிக்குள் சத்து தேவையில்லை. அதற்கு வேண்டியது காற்றும், தேங்காத ஈரமும்தான். கீழே சொல்லும் எல்லாம் இதை ஒட்டியே வரும்.

1. உங்கள் செடி தாழ்நிலத்ததா, மலைச்செடியா?

ஆம்புல்லாரியா, கிராசிலிஸ், மிராபிலிஸ், ராஃப்லேசியானா ஆகியவை தாழ்நிலச் செடிகள். நம் வெயிலும் புழுக்கமும் அவற்றுக்குப் பிறந்த வீடு. நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்ராட்டா, மிராண்டா போன்ற கலப்பினங்களும் தாக்குப்பிடிக்கும்.

கெந்திங், கேமரன் மலைப்பக்கத்து மெக்ஃபர்லானி, ராமிஸ்பினா, கினபாலுவின் ராஜா, வில்லோசா போன்றவற்றுக்கு இரவுக் குளிர் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு வீட்டு வாசலில் எந்தக் கலவையில் வைத்தாலும் அவை மெல்ல மெல்ல இளைத்துப் போகும். அதைச் சட்டி மாற்றிச் சரிசெய்ய முடியாது.

காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்காதீர்கள். நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம். நெப்பந்தஸ் பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளது. ராஜா மிகக் கடுமையான முதல் பட்டியலிலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிடுங்கிய செடியின் வேர் பாதி காட்டிலேயே அறுந்து நின்றிருக்கும். எவ்வளவு பக்குவமாக நட்டாலும் பிழைப்பது அரிது.

2. மாற்றத்தான் வேண்டுமா?

வாங்கி வந்த அன்றே மாற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. இடமாற்றமே செடிக்கு ஒரு அதிர்ச்சி. அதோடு வேரையும் கலைத்தால் இருக்கிற குடுவை எல்லாம் ஒன்றாகக் கருகும். இரண்டு மூன்று வாரம் புதிய இடத்தில் பழகட்டும். அதுவரை மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். மாவுப்பூச்சி இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் மாற்றலாம்:

- ஊற்றிய தண்ணீர் மேலேயே குளமாக நின்று மெதுவாக இறங்குகிறது.
- கலவை ஒன்றிரண்டு விரல் அளவுக்கு அமுங்கிப் போயிருக்கிறது, அல்லது புளித்த வாடை வருகிறது.
- சட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது.
- சட்டி அளவுக்கு மீறி செடி தலைகனத்துச் சாய்கிறது.

ஒன்றுமே இல்லை என்றாலும், ஸ்பேக்னம் பாசி அதிகமுள்ள கலவையை ஒன்றரை ஆண்டிலும், தேங்காய் மட்டைத் துண்டுக் கலவையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றுவது நல்லது. குடுவை வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். இலை கரும்பச்சையாக, நீண்டு தொங்கினால் அது வெளிச்சக் குறைவு. இலை நுனியில் சிறு மொட்டு வந்து காய்ந்துபோனால் காற்றில் ஈரம் போதவில்லை.

3. எந்த மாதத்தில், எந்த நேரத்தில்

நமக்குக் குளிர்காலம் இல்லை. மழையை வைத்துத்தான் காலம் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை வழக்கமாக வரும். காற்று ஈரமாக இருப்பதால் அடிபட்ட வேர் தண்ணீர் கொடுக்கத் தடுமாறினாலும் இலை வாடாது. பினாங்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வறட்சி, அப்போது வேண்டாம். புகைமூட்டம் கவிந்திருக்கும் நாட்களிலும் தள்ளிப் போடுங்கள். கலவை அழுகி நாறினால் மட்டும் மாதம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

வேலையை மாலை 5 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். ஓர் இரவு முழுவதும் செடிக்கு ஓய்வு கிடைக்கும்.

4. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

*தேங்காய் மட்டைத் துண்டு.* ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் வெட்டியது. இங்கே மலிவாகக் கிடைப்பது, மட்க நாளாகும், துண்டுகளுக்கு இடையே காற்று ஓடும். இதுவே கலவையின் எலும்பு. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்கும் கடையில் கேளுங்கள். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் தேட அதிகம் அலைய வேண்டாம். தூளாக இருக்கும் கோகோபீட் வேறு சரக்கு. அதைத் தனியாகப் போட்டால் மாதக்கணக்கில் சகதியாகவே கிடக்கும்.

*பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது பெர்லைட்.* இரண்டும் காற்றுக்காகத்தான். மழையில் நனையும் இடத்துக்குப் பியூமிஸ்தான் சரி. அடைமழையில் பெர்லைட் மிதந்து மேலே வந்து வழிந்தோடிவிடும். பத்தாவது மாடி பால்கனியில் காற்று சட்டியைத் தள்ளாமல் இருக்கவும் பியூமிஸின் கனம் உதவும். கூரைக்கு அடியில் தொங்கவிடுபவர்களுக்குப் பெர்லைட் போதும், இலேசாக இருக்கும்.

*ஸ்பேக்னம் பாசி.* நீளநாராகக் காய்ந்து, வெளிர் மஞ்சள் நிறத்தில் அமுக்கிப் பாக்கெட்டில் வரும். அலங்காரத்துக்குச் சாயம் ஏற்றி விற்கும் பச்சைப் பாசி வேறு; அது இதற்கு ஆகாது.

*அடுப்புக்கரி.* பலர் கட்டாயம் என்பார்கள். கழுவி ஒரு கைப்பிடி போட்டால் கெடுதல் இல்லை, போடாவிட்டாலும் குறை இல்லை. பார்பிக்யூவுக்கு அச்சில் வார்த்த கரி மட்டும் வேண்டாம்.

இவற்றோடு கையுறை, முகக்கவசம், துணி உலர்த்தும் கிளிப் சில, மூங்கில் குச்சி, பஞ்சு, கூரான கத்தரி, இரண்டு வாளி. முடிந்தால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று. பேனா அளவுதான், விலையும் அதிகமில்லை. இந்த வேலையில் ஊகத்தைக் குறைக்கும் ஒரே கருவி அதுதான்.

5. சட்டிக்குள் போகக் கூடாதவை

கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் வாங்கும் கறுப்பு மண், செம்மண், கம்போஸ்ட், கோழி எரு, ஆட்டெரு எதுவும் வேண்டாம். சத்தில்லாத மண்ணில் பிழைக்கப் பழகிய வேர் இது. செறிந்த உப்புச்சத்துப் பட்டால் கருகும்.

கருக்கிய உமியில் சாம்பல் இருக்கிறது, காரத்தன்மை ஏறும். நெப்பந்தஸுக்கு இலேசான அமிலம்தான் பிடிக்கும். வெள்ளைச் சலவைக்கல் சில்லும் அதே காரணத்தால் ஆகாது. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். பினாங்கில் இலவசமாகக் கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள். நீர் உறிஞ்சும் ஜெல் மணி, கலவையில் மெதுவாகக் கரையும் உர உருண்டை இரண்டும் வேண்டாம்.

6. மட்டைத் துண்டைக் கழுவுவது: குறைந்தது மூன்று நாள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய. நட்ட முதல் மாதத்தில் இலை ஓரம் பழுப்பாகக் கருகுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

முதல் நாள், வாளியில் துண்டுகளைப் போட்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் வரும் தேயிலைச் சாயம் போன்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் போதும்.

இரண்டாம் நாள், 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) கரைத்து மறுபடி ஓர் இரவு ஊற வையுங்கள். வெறும் தண்ணீர் மேலோட்டமான உப்பை மட்டுமே எடுக்கும். நாரோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தை மக்னீசியம்தான் தள்ளி வெளியேற்றும். எப்சம் உப்பு மருந்துக்கடையில் கிடைக்கும்.

மூன்றாம் நாள், நன்றாக அலசிப் புதிய தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை மீட்டரால் அளந்து பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட 30 புள்ளிக்கு (ppm) மேல் ஏறியிருந்தால் மறுபடி அலசுங்கள். மீட்டர் இல்லையென்றால் சாயம் ஏறக்குறைய நிற்கும்வரை அலசுவதுதான் வழி; இது தோராயமான கணக்குத்தான்.

பியூமிஸைச் சல்லடையில் போட்டுத் தூசு போக அலசுங்கள். பெர்லைட்டை மூட்டைக்குள்ளேயே தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு திறங்கள், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பாசியை மழைநீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். பாசியைத் தொடும்போது கையுறை போடுங்கள். கையில் கீறல் இருந்தால் அதன் வழியாகத் தோலில் பூஞ்சைப் புண் வரக்கூடும்.

7. எந்த இடத்துக்கு எந்தக் கலவை

செடியின் பெயரைவிடச் சட்டி வைக்கும் இடம்தான் கலவையை முடிவு செய்கிறது. அளப்பதற்குக் காலி பால் டின் போதும், ஒரு டின் ஏறக்குறைய 400 மில்லி. பத்து டின் கலவையில் 15 சென்டிமீட்டர் சட்டி இரண்டை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். பாசியை ஊறிப் பிழிந்த நிலையில், அமுக்காமல் அளக்க வேண்டும்.

*மழை நேராக விழும் இடம், தாமான் வீட்டு முன்புறம்:* மட்டைத் துண்டு 5, பியூமிஸ் 4, பாசி 1. நாள் முழுக்க மழை பெய்தாலும் நீர் நிற்காது. மழை இல்லாத நாளில் காலையில் ஒருமுறை ஊற்றியே ஆக வேண்டும்.

*கொண்டோ பால்கனி, கையால் தண்ணீர் ஊற்றும் இடம்:* மட்டைத் துண்டு 4, பியூமிஸ் அல்லது பெர்லைட் 3, பாசி 3. உயரமான மாடியில் காற்று சட்டியைச் சீக்கிரம் உலர்த்திவிடும் என்பதால் பாசி கூடுதல்.

*ஆம்புல்லாரியா, பைகால்கராட்டா:* சதுப்பு நிலத்துச் செடிகள், கொஞ்சம் அதிக ஈரம் தாங்கும். மட்டைத் துண்டு 3, பியூமிஸ் 3, பாசி 4. இவற்றையும் மழை நேராக விழும் இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் கலவையோடு ஒரு டின் பாசி சேர்த்தால் போதும்.

கலந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று சொட்டு விழுந்து, கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் பியூமிஸ் போதவில்லை.

8. சட்டி

பழைய சட்டியைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய சட்டியில் வைத்தால் வேகமாக வளரும் என்பது தப்புக் கணக்கு. வேர் எட்டாத கலவை ஈரத்திலேயே கிடந்து அழுகத் தொடங்கும், அழுகல் பிறகு வேருக்கு வரும். மண் மேல் தெரியும் செடி எவ்வளவு பெரிதானாலும் நெப்பந்தஸ் வேர் கொஞ்சம்தான்.

வெளிர் நிறப் பிளாஸ்டிக் நல்லது. கறுப்புச் சட்டி மாலை வெயிலில் தொட முடியாத அளவு சுடும். அடியில் துளை குறைவென்றால் கம்பியைக் காய்ச்சிப் பக்கவாட்டிலும் நாலைந்து துளை போடுங்கள்.

அடியில் கல் பரப்பாதீர்கள். நீர் நன்றாக வடியும் என்று நினைத்துச் செய்வது இது. கலவையும் கல்லும் சேரும் இடத்துக்கு மேலேயே ஈரம் தேங்கும், வேருக்குக் கிடைக்கும் ஆழமும் குறையும். துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

9. தண்ணீர்

மழைநீர்தான் முதல் தேர்வு. பீப்பாயில் பிடித்தால் கொசு புகாத வலையால் இறுக்கி மூடுங்கள். ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம், அதைவிட டிங்கி பெரிய தண்டனை. இதே காரணத்தால் சட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேக்கும் பழக்கமும் இங்கே வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை அளந்து பாருங்கள். 50 புள்ளிக்குக் கீழ் என்றால் தாராளமாக ஊற்றலாம். 100 வரை சமாளிக்கலாம், வாரம் ஒருமுறை மழைநீரால் சட்டியை அலசி விடவேண்டும். ஏர்கான் தண்ணீரிலும் உப்பு குறைவுதான். ஏர்கானைக் கழுவிய வாரத்தில் வரும் தண்ணீர் மட்டும் வேண்டாம், ரசாயனம் கலந்திருக்கும்.

அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர் எல்லாம் ரோஜாவுக்கு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

10. சட்டி மாற்றும் மாலை

முதலில் பழைய சட்டிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி அரை மணி விடுங்கள். ஈரமான வேருருண்டை சிதறாமல் வரும். காய்ந்தால் கலவை உதிரும்போது வேரும் கூடவே அறும்.

குடுவைக்குள் பஞ்சை இலேசாக அடைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது செடியே சுரந்த செரிமான நீர். கவிழ்ந்து கொட்டினால் குடுவை சீக்கிரம் காயும். கொட்டிவிட்டால் கால் பங்கு மழைநீர் ஊற்றுங்கள், விளிம்புவரை நிரப்பாதீர்கள். முழுதும் காய்ந்த குடுவையை மட்டும் நறுக்குங்கள். இலை பச்சையாக இருந்தால் இருக்கட்டும்.

சட்டியின் பக்கங்களைச் சுற்றி அமுக்கி, தண்டின் இரு புறமும் விரல் கொடுத்துக் கவிழ்த்து எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. வரவில்லையென்றால் சட்டியைக் கத்தரியால் வெட்டுங்கள். சட்டி போனால் போகட்டும்.

இப்போது வேரைப் பார்க்கும் இடம். நல்ல நெப்பந்தஸ் வேர் கறுப்பாகத்தான் இருக்கும், மெல்லியதாக, மயிர் போல. அழுகல் என்று பயந்து முழுவதையும் வெட்டி எறிந்தவர்கள் நிறையப் பேர். நிறத்தைப் பார்க்காதீர்கள், தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்து நுனி வெளிறியிருந்தால் நல்ல வேர். அமுக்கினால் குழைந்து, மேல்தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். அதை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய வேரில் பட்டைத்தூளோ மஞ்சள்தூளோ தடவ வேண்டாம், பட்டைத்தூள் வேரை உலர்த்திவிடும்.

பழைய கலவை நல்ல நிலையில் இருந்தால் வெளிப்புறத்தில் தளர்ந்தது மட்டும் உதிரட்டும், நடுப்பகுதியைக் கலைக்காதீர்கள். வேர் எளிதில் ஒடியும். கலவை சகதியாகவோ நாற்றமாகவோ இருந்தால் வாளி மழைநீரில் மெல்ல மேலும் கீழும் அசைத்துக் கரைத்து எடுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்ச வேண்டாம்.

புதிய சட்டியில் மூன்றில் ஒரு பங்கு கலவை போட்டு, செடி முன்பு நின்ற அதே மட்டத்தில் நிறுத்துங்கள். தண்டு ஆழமாகப் புதைந்தால் அடியில் அழுகும். சுற்றிலும் கலவை போட்டு, சட்டியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள், தானே இறங்கும். கட்டை விரலால் அழுத்தினால் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த காற்று வெளியே போய்விடும். செடி ஆடினால் வேரைத் தவிர்த்து ஓரமாக மூங்கில் குச்சி ஊன்றித் தண்டைக் கிளிப்பால் பிடியுங்கள். ஆடும் செடியின் புது வேர் நுனிகள் ஒடிந்துகொண்டே இருக்கும்.

கடைசியாகத் தண்ணீர். 15 சென்டிமீட்டர் சட்டி ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அதன் மூன்று மடங்கு, நாலரை லிட்டர் மழைநீரைப் பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். தூசு வெளியேறும், கலவை வேரோடு ஒட்டும். பஞ்சை எடுத்துவிடுங்கள்.

11. முதல் ஆறு வாரம்

இரண்டு மூன்று வாரம் நேரடி வெயில் வேண்டாம். 50 முதல் 70 விழுக்காடு நிழல் வலைக்கு அடியில், காற்றோட்டமாக வையுங்கள். பிறகு காலை வெயில் 10 மணிவரை, அடுத்த வாரம் 11 மணிவரை என்று நீட்டுங்கள்.

பிளாஸ்டிக் பை கவிழ்ப்பது வேர் பெருமளவு போன செடிக்கு மட்டும். அதுவும் முழு நிழலில், மேல் மூலைகளை வெட்டிவிட்டு. வெயில் பட்டால் ஒரே பிற்பகலில் செடி வெந்துவிடும்.

பழைய குடுவைகள் மூடியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும். இதைக் கண்டு கலங்கி மறுபடி சட்டியைப் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள். பழைய குடுவையை விட்டுவிட்டு, நடுவில் வரும் புது இலையைப் பாருங்கள். அது தொடர்ந்து விரிந்தால் வேர் பிடித்துவிட்டது. முதல் ஒன்றிரண்டு இலையில் குடுவை வராமல் போகலாம்.

ஆறு வாரம் உரம் வேண்டாம். வெளியில் இருக்கும் செடிக்கு எறும்பும் ஈயும் தாமாகவே வந்து விழும். கோழித் துண்டு, இறால் போட்டால் குடுவைக்குள் அழுகி நாறும்.

12. பிறகு எதாவது தப்பினால்

அடி இலை ஒன்று மஞ்சளானால் ஒன்றுமில்லை, வயது. எல்லா இலை ஓரமும் ஒரே நேரத்தில் கருகினால் உப்பு. மூன்று மடங்கு மழைநீரால் சட்டியை அலசுங்கள், வழியும் நீரை அளந்து பாருங்கள்.

மட்டைத் துண்டின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயமில்லை, காற்று பட்டால் அடங்கும். சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால் கலவையின் மேல்பகுதி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று பொருள். தண்ணீர் இடைவெளியைக் கூட்டுங்கள். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் இலைக்கணுவில் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். 70 விழுக்காடு ஆல்கஹால் தொட்ட காதுப்பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். குடுவைக்குள் மட்டும் ஆல்கஹால் இறங்கக் கூடாது.

தண்டின் அடி கறுத்துக் குழைந்தால் வேரைக் காப்பாற்ற நேரம் செலவிடாதீர்கள். அழுகலுக்கு மேலே, உள்சதை வெளிர்பச்சையாகத் தெரியும்வரை வெட்டி, மூன்று கணு உள்ள துண்டாக எடுங்கள். இலையைப் பாதியாக நறுக்கி, அடிக்கணுவை ஈரப்பாசியில் சுற்றிச் சிறு சட்டியில் நிழலில் நிறுத்துங்கள். வேர் விட ஆறு முதல் பத்து வாரம் ஆகும். புது முளை வந்துவிட்டது என்று உடனே பிடுங்கிப் பார்க்காதீர்கள். வேர் இல்லாமலேயே முளை வரும்.

சட்டியிலிருந்து எடுத்த பழைய கலவையைக் கறிவேப்பிலைக்கோ மிளகாய்ச் செடிக்கோ மேலே பரப்பலாம். அழுகிய செடியின் கலவை என்றால் குப்பைக்குத்தான்.